மூன்று சக்கர மகாத்மியம்

இரண்டு சக்கரத்தில் போகிறவருக்கு உலகம் வழி விடுகிறது. நான்கு சக்கரத்தில் போகிறவருக்கு வணக்கம் சொல்கிறது. வயது வந்த ஒருவர் மூன்று சக்கர சைக்கிளில் போனால் மட்டும் நின்று பார்த்துச் சிரிக்கிறது. (ஆட்டோ ரிக்ஷாவை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம். அதைப் பார்த்துச் சிரிக்கும் துணிச்சல் நம்மில் யாருக்கும் இல்லை.) நாம் கண்டு பழகிய மூன்று சக்கர சைக்கிள்கள் இரண்டே வகை. ஒன்று குழந்தைகள் கூடத்தில் ஓட்டுவது. மற்றொன்று காய்கறியும் சிமெண்டு மூட்டையும் ஏற்றிக்கொண்டு கடைத்தெருவில் போவது. இவ்விரண்டிலும் சேராத ஒரு பெரியவரோ அம்மாளோ அத்தகைய வண்டியில் ஏறிவிட்டால், "ஐயோ பாவம், இவருக்கு என்ன வந்துவிட்டது?" என்று தெரு முழுவதும் இரக்கப்படத் தொடங்கிவிடுகிறது. கேலியைக் கூடச் சகித்துக்கொள்ளலாம்; இந்த இரக்கம் இருக்கிறதே, அதைச் சகிப்பதுதான் மிகவும் கஷ்டம்.

ஆனால் இவ்வண்டியின் பூர்வ சரித்திரத்தை அறிந்தவர்கள் சிரிக்க மாட்டார்கள். 1870-களில் இங்கிலாந்தில் முன் சக்கரம் ஆள் உயரமும் பின் சக்கரம் சாண் உயரமுமான சைக்கிள்தான் வழக்கத்தில் இருந்தது. அதிலிருந்து தலைகுப்புற விழுவது வாலிபர்களுக்கு வீரமாயிருக்கலாம்; மற்றவர்களுக்கு அப்படியில்லை. ஆகவே கண்ணியமான ஸ்திரீ புருஷர்கள் மூன்று சக்கரத்தையே நாடினார்கள். கவெண்ட்ரி நகரத்து ஜேம்ஸ் ஸ்டார்லி செய்த மூன்று சக்கர வண்டிகளை 1881-ல் விக்டோரியா மகாராணியே தருவித்துக்கொண்டார். அதே 1881-ல் பாரிஸ் நகரில் குஸ்தாவ் துரூவே என்பவர் ஒரு மூன்று சக்கர சைக்கிளில் சிறிய மின்சார மோட்டாரையும் பாட்டரியையும் பொருத்தித் தெருவில் ஓட்டிக் காட்டினார். பெட்ரோல் மோட்டார் வண்டி பிறப்பதற்கு முன்பே மின்சார மூன்று சக்கரம் ஓடியிருக்கிறது! அதுமட்டுமா? 1888-ல் டன்லப் என்பவர் காற்றடைத்த டயருக்கு உரிமை பெற்றாரே, அந்த டயரை அவர் முதலில் செய்து பார்த்தது தம் மகனின் மூன்று சக்கர சைக்கிளுக்காகத்தான்.

இவ்வளவு பெருமையும் உடைய வாகனம் ஒன்று, நமது தெருவில் ஒரு வீட்டுத் திண்ணையில் மூன்று வாரம் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு கிடந்தது. அந்த வீட்டுக்காரர் ஓய்வு பெற்ற தலைமை ஆசிரியர். எழுபது வயதைக் கடந்தவர். நாற்பது வருஷ காலம் சைக்கிளிலேயே பள்ளிக்கூடம் சென்றவர். இப்போதும் காலில் வலு இருக்கிறது. ஆனால் சைக்கிளை நிறுத்திக் காலை ஊன்றும் சமயத்தில் உடம்பு நிலைகொள்ளாமல் தடுமாறுகிறது. இரண்டு முறை விழுந்தும் விட்டார். மருத்துவர் இரு சக்கர வண்டியைத் தொடவே கூடாது என்று தடுத்து, மூன்று சக்கரமானால் ஓட்டலாம் என்று சொல்லியிருந்தார். இரண்டு கிலோமீட்டர் தொலைவிலுள்ள நூல் நிலையத்துக்குத் தினந்தோறும் போய்வந்த மனிதர், யாராவது அழைத்துச் சென்றால்தான் உண்டு என்ற நிலைக்கு வந்துவிட்டார். இப்படி வீட்டோடு கிடப்பவர்களுக்கு முதலில் வெளி நடமாட்டம் குறைகிறது. அப்புறம் பேச்சுக் குறைகிறது. பிறகு சாப்பாடும் குறைகிறது. மகன் மின்சார மூன்று சக்கர சைக்கிள் ஒன்றை வாங்கி அனுப்பினார். பெரியவர் அதில் ஏற மறுத்தார்.

"தம்பி, முதலில் நீங்கள் ஓட்டிப் பாருங்கள். உங்களைப் பார்த்துத் தெரு சிரிக்காவிட்டால் நானும் ஏறுகிறேன்" என்றார் ஒரு நாள்.

"ஆகட்டும் ஐயா" என்றோம். நாற்பது வயதுக்கு மேல் நமக்குக் கிடைத்த கௌரவமான உத்தியோகம் இது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் பள்ளிக்கூட மைதானத்தில் பரீட்சை தொடங்கியது. முதல் ஆச்சரியம் ஏறியவுடனே வந்தது: வண்டி நிற்கிறது! இரு கால்களையும் பெடலில் வைத்துக்கொண்டு, கைகளைக் கட்டிக்கொண்டு, நாற்காலியில் இருப்பதுபோல் உட்கார்ந்திருக்கலாம். பெடலைச் சிறிது மிதித்ததும் மோட்டார் விழித்துக்கொண்டது. பின்னாலிருந்து யாரோ அன்போடு தள்ளிவிடுவது போலிருந்தது. பிரேக்கைப் பிடித்தால் மோட்டாருக்குப் போகும் மின்சாரம் அக்கணமே நின்றுவிடுகிறது.

இரண்டாவது ஆச்சரியம் முதல் திருப்பத்தில் காத்திருந்தது. இரு சக்கர சைக்கிள் ஓட்டுகிறவர் திரும்ப வேண்டிய பக்கம் வண்டியோடு சாய்கிறார். அப்படிச் செய்வது அவருக்கே தெரியாது. மூன்று சக்கரம் சாயவே சாயாது. சைக்கிள் பழகிய உடம்போ சாய்ந்தே தீருவேன் என்கிறது. கைப்பிடியைத் திருப்பினால்தான் வண்டி திரும்பும் என்பதை உடம்புக்கு எடுத்துச் சொல்ல நமக்கு அரை மணி நேரம் ஆயிற்று. பெரியவர்கள் சொல்வதை வேடிக்கையென்று எண்ண வேண்டாம்: சைக்கிளே ஓட்டியறியாதவர்கள் இதைச் சீக்கிரம் கற்றுக்கொள்கிறார்கள், அவர்களுக்கு மறக்க வேண்டியது ஒன்றுமில்லை.

திருப்பத்தில் வேகம் கூடாது என்பதற்குக் கணக்கும் உண்டு. பின் சக்கரங்களுக்கு இடையே சுமார் 70 சென்டிமீட்டர் அகலம். ஆளும் வண்டியும் சேர்ந்த பாரத்தின் மையமோ தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரம். ஆகவே 4 மீட்டர் ஆரமுள்ள வளைவில் மணிக்கு 12 கிலோமீட்டர் வேகம் வந்தாலே உட்புறச் சக்கரம் தரையை விட்டு எழும்பப் பார்க்கும். வேகம் இரண்டு மடங்கானால் வெளிப்புறம் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது. ஆகையால் திருப்பத்துக்கு முன்பே வேகத்தைக் குறைத்து, உடம்பை மட்டும் உட்புறமாக வளைத்து, நிதானமாகத் திரும்ப வேண்டும். மூன்று சக்கரம் விழாது என்று கடைக்காரர் சொன்னால், நிற்கும்போது விழாது என்று பொருள் கொள்ளுக.

பின்னர் தெருவுக்கு வந்தோம். நம் தார் ரோடுகள் மழைநீர் வடிவதற்காக நடுவில் உயர்ந்து ஓரங்களில் சரிந்திருக்கின்றன அல்லவா? இடது ஓரமாகப் போகும் மூன்று சக்கரம் அந்தச் சரிவை உணர்ந்து சாக்கடைப் பக்கமே மனம் வைக்கிறது. கைப்பிடியைச் சற்று வலப்பக்கம் பிடித்துக்கொண்டே செல்ல வேண்டும். பள்ளத்தைக் கண்டு முன் சக்கரத்தை ஒதுக்கினால் பின் சக்கரம் ஒன்று அதில் இறங்கிவிடுகிறது; ஒரு வண்டிக்கு மூன்று தடங்கள்! எல்லாவற்றையும்விட முக்கியமானது ஒன்று: வண்டி நகரும்போது தரையில் காலை ஊன்றவே கூடாது. பின் சக்கரம் பாதத்தின் மேல் ஏறிவிடும். நிறுத்த வேண்டுமானால் பிரேக்கைப் பிடித்து, காலைப் பெடலிலேயே வைத்திருக்க வேண்டும். இறங்கும்போது நிறுத்தும் பிரேக்கைப் பூட்ட வேண்டும். இல்லையேல் சரிவில் வண்டி நம்மை விட்டுவிட்டுத் தனியே யாத்திரை போய்விடும்.

செலவைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. நாம் ஓட்டிய வண்டியின் பாட்டரி 36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி. அதாவது 360 வாட்-மணி. ஒரு முறை நிரப்ப அரை யூனிட் மின்சாரங்கூட ஆகாது. மோட்டாரின் சக்தி 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும், பாட்டரி நீங்கலாக எடை 60 கிலோவுக்கும் மேற்படாமல், உரிய சோதனைச் சான்றும் பெற்றிருந்தால் அது சட்டப்படி மோட்டார் வாகனமே ஆகாது. ஓட்டுநர் உரிமமும் பதிவும் வேண்டாம். வாங்குமுன் அந்தச் சான்றைக் கேட்டுப் பார்த்துக்கொள்வது நலம்.

தெரு சிரித்ததா என்று கேட்கிறீர்கள். சிரித்தது. முதல் நாள் ஐந்து வீட்டுத் திண்ணைகளில் சிரிப்பு. மூன்றாம் நாள் ஒரு வீட்டில். ஒரு வாரத்துக்குள், "கூடையில் அரிசி மூட்டை வைக்கலாமா? அம்மாவுக்கு முழங்கால் வலி, ஏற முடியுமா? என்ன விலை?" என்ற கேள்விகள்தான். தெருவின் சிரிப்புக்கு ஆயுள் அவ்வளவுதான் போலும்! 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தின்போது கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அவர்கள் கேட்காத கேலியா? அவர்கள் பெடலை விடவில்லை. பிள்ளைகளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு தண்ணீருக்கும் சந்தைக்கும் வேலைக்கும் போனார்கள். இன்று அந்த மாவட்டத்தில் சைக்கிளில் போகும் பெண்ணை யார் திரும்பிப் பார்க்கிறார்கள்?

நாம் நடந்ததை ஒளிக்காமல் பெரியவரிடம் சொன்னோம். "சிரித்தார்கள் ஐயா. ஆனால் சீக்கிரம் அலுத்துப் போய்விட்டார்கள்" என்றோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு தார்ப்பாயை மடித்து உள்ளே வைக்கச் சொன்னார். ஆறு நாள் மைதானத்தில் நமது மேற்பார்வையில் பழகினார். பழைய மாணவன் ஒருவன் தமக்கே பாடம் நடத்துவதாக அம்மாளிடம் குறைப்பட்டுக்கொண்டார். ஏழாம் நாள் பகல் அவரைத் தேடிப் போனபோது திண்ணையில் வண்டி இல்லை. "நூல் நிலையத்துக்குப் போயிருக்கிறார், தனியாகத்தான்" என்று அம்மாள் சொன்னார்.

வாசகர்களின் வீடுகளிலும் இப்படித் திண்ணையோடு நின்றுபோன பெரியவர்கள் இருக்கலாம். எல்லோருக்கும் இந்த வண்டி ஏற்றது என்று நாம் சொல்லவில்லை. மருத்துவரைக் கேட்டு, மைதானத்தில் பழகி, அதன் பிறகே தெருவுக்கு வர வேண்டும். ஆனால் 'நாலு பேர் என்ன சொல்வார்கள்' என்ற ஒரே காரணத்தால் அவர்களை வீட்டோடு நிறுத்த வேண்டாம். வீட்டிலுள்ள இளைஞர் ஒருவர் முதலில் ஏறித் தெருவை ஒரு சுற்றுச் சுற்றி, அந்தச் சிரிப்பைத் தாம் வாங்கிக்கொண்டு வரட்டும். பெரியவருக்குச் செய்யக்கூடிய கைங்கரியங்களில் இது சுலபமானது. செலவும் அரை யூனிட்டுக்குள் அடங்கிவிடும்.