பச்சை மலைப்பாம்பின் சொந்த ஊர் எது?

பெரிய காஞ்சிபுரத்துல இருந்து பேசுறேன். நேயர் ஒருத்தர் பச்சை மலைப்பாம்போட போட்டோ அனுப்பி, "விக்கிறவர் இது பியாக்னு சொல்றார், முன்பணம் கொடுத்துட்டேன், நிஜமாண்ணா?"னு கேட்டிருக்கார்.

பியாக், நியூகினிக்கு வடக்கே இருக்கும் இந்தோனேசியத் தீவு. அந்தப் பாம்புக்கு மூஞ்சி கொஞ்சம் நீளம். வளர்ந்த பிறகும் மஞ்சள் திட்டு நிற்கும். அரு தீவுப் பாம்புக்குப் பெரும்பாலும் முதுகில் வெள்ளைச் செதில்கள். குட்டியில் சிவப்பாக இருந்திருந்தால் அருவைக் கழித்துவிடலாம்; அங்கே மஞ்சள் குட்டிதான்.

ஆனா கலப்புக் குட்டின்னா கண்ணு ஏமாறும். எங்க ஊர்ல சேலையோட பளபளப்பை நம்ப மாட்டோம், சரிகையைச் சுரண்டி உள்ளே சிவப்புப் பட்டு இழை இருக்கான்னு பார்ப்போம். இங்க சுரண்டிப் பார்க்க வேண்டியது காகிதத்தை. அதுலயும் சூது உண்டு: 2011-ல் லயன்ஸ், நாடுஷ் வெளியிட்ட ஆய்வின்படி, இந்தோனேசியா ஆண்டுதோறும் ஏற்றுமதி செய்த பச்சை மலைப்பாம்புகளில் குறைந்தது 80 சதவீதம் காட்டில் திருட்டுத்தனமாகப் பிடித்தவை. பண்ணையில் பிறந்ததாகத்தான் கணக்கு!

தம்பி, தாய் தகப்பன் பாம்பு விவரம், இறக்குமதி அனுமதி ரெண்டையும் கேளுங்க. 2024 விதிகள்படி பரிவேஷ் தளத்துல பதிவும் வேணும். காட்டலைன்னா முன்பணம் போனா போகட்டும், வாங்காதீங்க.