கமிட்டுக்குள் ஒரு கம்பளிப்பூச்சி

மென்பொருள் எழுதுகிறவர்கள் நிரலின் மாற்றங்களைச் சேமித்துவைக்கும் 'கிட்' என்ற கருவியில் அவற்றைப் பதியும்போது கூடவே ஒரு குறிப்பும் எழுத வேண்டும். அதுதான் கமிட் செய்தி. மாலை ஆறு மணிக்குக் கிளம்பும் அவசரத்தில் 'ஃபிக்ஸ்', 'அப்டேட்' என்று ஒற்றைச் சொல்லோடு அது முடிந்துவிடும். ஆறு மாதம் கழித்துப் படிப்பவருக்கு ஒன்றும் விளங்காது.

கார்லோஸ் குவெஸ்டா உருவாக்கிய 'கிட்மோஜி' இங்கேதான் உதவுகிறது. டெர்மினலில் அதை இயக்கினால் எமோஜிப் பட்டியல் ஒன்று விரியும்; தேர்ந்தெடுப்பது கமிட் செய்தியில் சேரும். பிழை திருத்தமா? கம்பளிப்பூச்சி. புதிய வசதியா? மின்னும் நட்சத்திரங்கள். தலைபோகிற அவசரத் திருத்தமென்றால் ஆம்புலன்ஸ். வேண்டாத நிரலை நீக்கினால் தீ. எனக்கு மிகவும் பிடித்தது இந்தத் தீதான்; நீக்குவதும் உழைப்புதான் என்பதை அது ஒப்புக்கொள்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது என்று யோசிக்கும்போதே, செய்த வேலை என்ன வகை என்பது எழுதுபவருக்கும் தெளிவாகிவிடுகிறது.

இதையே கிட்டின் 'ஹூக்' வழியாகவும் செய்யலாம். ஒவ்வொரு திட்டத்தின் கோப்புறைக்குள்ளும் கிட் தனக்கென ஒரு மறைவான கோப்புறை வைத்திருக்கிறது. அதில் குறிப்பிட்ட பெயரில் ஒரு சிறு நிரலை வைத்துவிட்டால், குறிப்பிட்ட தருணத்தில் கிட் தானாகவே அதை இயக்கும். செய்தியைத் திருத்தும் எடிட்டர் திறப்பதற்குச் சற்று முன்பு ஒரு தருணம். எழுதி முடித்ததும் ஒன்று. கமிட் பதிவான பின் இன்னொன்று. கிட்மோஜி முதல் தருணத்தைப் பிடித்துக்கொள்கிறது. அதற்குக் காரணம் உண்டு: எமோஜி செய்தியின் பகுதி, கமிட் பதிவாகும் முன்பே அது சேர்ந்துவிட வேண்டும்.

பதிவாகும் ஒவ்வொரு கமிட்டுக்கும் 40 இலக்க ஹாஷ் ஒன்று பிறக்கிறது, கைரேகை போல. கோப்புகளின் நிலை, எழுதியவர் பெயர், நேரம், முந்தைய கமிட்டின் ஹாஷ், செய்தி எல்லாம் சேர்ந்து கணக்காகும் எண் அது. கம்பளிப்பூச்சி யூடிஎஃப்-8 முறையில் 4 பைட்டுகள். நம் 'அ' 3 பைட்டுகள். அந்த 4 பைட்டுகளும் ஹாஷுக்குள் கலந்துவிடுகின்றன. பிறகு பூச்சியை எடுத்தால் அந்த ஹாஷ் மாறும்; அதன் வழியே வந்த கமிட்டுகள் அனைத்தின் ஹாஷும் மாறும்.

'லோல்கமிட்ஸ்' என்ற இன்னொரு கருவி இதற்கு நேர்மாறு. கமிட் செய்தவுடன் வெப்கேம் வழியே உங்கள் முகத்தைப் படம் பிடித்து, அதன்மேல் கமிட் செய்தியையும் ஹாஷையும் அச்சிடுகிறது. ஹாஷ் பிறந்த பிறகுதானே அதை அச்சிட முடியும்? அதனால் அது கடைசித் தருணத்தில் இயங்குகிறது. தூக்கம் தொங்கும் அந்த முகம் வரலாற்றுக்குள் போவதில்லை, தனிக் கோப்பாக நின்றுவிடுகிறது.

விளையாட்டு கிட்டுக்குப் புதிதல்ல. 2005 ஏப்ரல் 7 அன்று, அதை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் கிட்டின் நிரலையே கிட்டில் பதிந்த முதல் கமிட்டில், அதை நரகத்திலிருந்து வந்த தகவல் மேலாளர் என்று வர்ணித்திருந்தார். அந்தக் குறும்பு வரியில் ஓர் எழுத்தை மாற்றினாலும், இருபது ஆண்டுகளாக அதன் வழியே வளர்ந்த கமிட்டுகள் எல்லாவற்றுக்கும் புது ஹாஷ் கணக்கிட வேண்டியிருக்கும்.