பிளாஸ்டிக் படைவீரர்களுக்குச் சாயம் பூசலாமா?

உங்கள் வீட்டுப் பழைய பிஸ்கட் தகரத்தில் விரல் நீளப் பிளாஸ்டிக் படைவீரர்கள் சிலர் தூங்கிக் கொண்டிருக்கலாம். அப்பா சிறுவயதில் விளையாடியவர்களாக இருக்கும். பள்ளி விடுமுறை வந்ததும் மகன் தூரிகையும் கையுமாக வந்து நிற்கிறான். “அம்மா, இவங்களுக்குச் சாயம் அடிக்கட்டுமா?” என்கிறான். என்ன பதில் சொல்வீர்கள்?

“பொம்மைதானே, அடித்துக்கொள்” என்பார் ஒருவர். “பழைய பொருள், தொட்டால் மதிப்புப் போய்விடும்” என்பார் இன்னொருவர். வாசகர்களே, இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் உண்டு. எந்தப் பொம்மைக்கு எந்தப் பதில் பொருந்தும் என்பதைத்தான் நாம் தெரிந்துகொள்ள வேண்டும்.

முதலில் இந்த வீரர்களின் பூர்வீகத்தைப் பார்ப்போம். இங்கிலாந்தின் பிரிட்டன்ஸ் நிறுவனம் 1893ஆம் ஆண்டு முதல் ஈயத்தில் படைவீரர்களை வார்த்து விற்றது. ஈயம் குழந்தைகளுக்கு நஞ்சு என்பதால் விதிகள் கடுமையாயின. 1966ஆம் ஆண்டில் ஈய பொம்மைகள் நின்றன. அதற்கு வெகு முன்பே, 1938ஆம் ஆண்டில், அமெரிக்காவில் பிளாஸ்டிக் வீரர்கள் பிறந்துவிட்டார்கள். 1959ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஏர்ஃபிக்ஸ் நிறுவனம் ஏறத்தாழ ஓர் அங்குல உயரமே உள்ள குட்டி வீரர்களைப் பெட்டி பெட்டியாக விற்கத் தொடங்கியது.

இவர்களை மூன்று வகையாகப் பிரித்துக்கொள்ளுங்கள்.

முதல் வகை, தொழிற்சாலையிலேயே சாயம் தீட்டப்பட்டவர்கள். பிரிட்டன்ஸ் நிறுவனத்தின் ஹெரால்டு வீரர்களும், 1971ஆம் ஆண்டில் வந்த, உலோகப் பீடத்தில் நிற்கும் டீடெய்ல் வீரர்களும் இந்த வகை. இவர்களைத் தொடவே வேண்டாம். மூக்கில் சாயம் உதிர்ந்திருந்தாலும் அப்படியே விட்டுவிடுங்கள். சேகரிப்பவர்கள் தேடுவது அந்தத் தொழிற்சாலைச் சாயத்தைத்தான். நீங்கள் ஆசையோடு ஒட்டுப் போட்டால் மதிப்பு ஏறாது, இறங்கும்.

இரண்டாம் வகை, வெவ்வேறு நிறப் பிளாஸ்டிக்கை வார்த்துச் சேர்த்துச் செய்தவர்கள். டிம்போ நிறுவனம் இதில் கைதேர்ந்தது. சட்டை ஒரு நிறம், கால்சட்டை ஒரு நிறம், முகம் ஒரு நிறம். சாயமே இல்லாமல் வண்ணம்! அந்தச் சாமர்த்தியத்தின் மேல் சாயத்தை அப்பி மறைப்பானேன்?

மூன்றாம் வகை, உச்சி முதல் பாதம் வரை ஒரே நிறத்தில் இருப்பவர்கள். ஏர்ஃபிக்ஸ் குட்டி வீரர்கள், அமெரிக்காவின் மார்க்ஸ் நிறுவனத்து வீரர்கள், கடைகளில் பையில் போட்டு விற்கும் பச்சை வீரர்கள் எல்லாரும் இதில் சேர்வார்கள். கேள்வியே இவர்களைப் பற்றித்தான்.

மார்க்ஸ் நிறுவனம் இன்று இல்லை. ஆனால் அதன் பழைய அச்சுகளில் பிறகு வேறு நிறுவனங்கள் மீண்டும் வார்த்தெடுத்தன. ஆகவே, கையில் இருப்பது அசலா, மறுவார்ப்பா என்று விவரம் தெரிந்தவரிடம் முதலில் காட்டுங்கள். அசல் என்றால், அதுவும் பெட்டியோடு முழுத் தொகுதியாக இருந்தால், சாயம் பூசாதீர்கள். மறுவார்ப்பும் இன்றைய பை பொம்மையும் என்றால் தாராளமாகப் பூசலாம். சாயம் பூசுவது ஏதோ குற்றம் என்றும் நினைக்க வேண்டாம். மேசைமேல் போர் விளையாட்டு ஆடிய வெள்ளைக்காரப் பெரியவர்களே ஏர்ஃபிக்ஸ் வீரர்களை நூற்றுக்கணக்கில் வாங்கி, படைப் பிரிவு வாரியாகச் சாயம் பூசி அணிவகுக்க வைத்தார்கள்.

பூசுவது என்று முடிவு செய்தால் முறையாகப் பூச வேண்டும். இந்த வீரர்களில் பலர் பாலித்தீனால் ஆனவர்கள். பாலித்தீன் வழவழப்பானது, சாயத்தைப் பிடித்துக்கொள்ளாது. கடினமான எனாமல் சாயம் காய்ந்த பிறகு, துப்பாக்கி முனை லேசாக வளைந்தாலே செதில் செதிலாக உதிர்ந்துவிடும். பொம்மை எதனால் ஆனது என்று அறிய எளிய வழி உண்டு. உள்ளே கூடு இல்லாத, உலோகப் பீடமும் இல்லாத பொம்மையைக் கிண்ணத்துத் தண்ணீரில் போடுங்கள். மிதந்தால் பெரும்பாலும் பாலித்தீன். மூழ்கினால் வேறு பிளாஸ்டிக்.

பாலித்தீன் வீரனை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் பழைய பல் துலக்கியால் தேய்த்துக் கழுவுங்கள். அச்சில் ஒட்டாமலிருக்கத் தடவிய பிசுக்குப் போக வேண்டும். நன்றாகக் காய்ந்ததும், நீர் கலந்த வெள்ளைப் பசையை மெல்லிய அடிப்பூச்சாகத் தடவுங்கள். அதன்மேல் வளைந்து கொடுக்கும் அக்ரிலிக் சாயத்தை மெல்லியதாக இரண்டு முறை பூசுங்கள். கடைசியில் வார்னிஷ். நம் ஊர் ஈரக்காற்றில் வார்னிஷ் வெளுத்துப் போகக்கூடும்; மழை நாளில் அந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்குத் தூரமாகச் செய்யுங்கள்.

பெற்றோர்கள் இன்னொன்றையும் மனத்தில் வைக்க வேண்டும். பழைய பொம்மைகளின் சாயத்தில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில்கூட 1978ஆம் ஆண்டில்தான் பொம்மைகளில் ஈயச் சாயத்துக்குத் தடை வந்தது. அத்தகைய பொம்மையைச் சுரண்டாதீர்கள். வாயில் வைக்கும் வயதுக் குழந்தையிடம் கொடுக்கவும் கொடுக்காதீர்கள்.

சரி, அப்பாவே சிறுவயதில் கோணல்மாணலாகச் சாயம் பூசி வைத்த வீரன் ஒருவன் கிடைத்தால்? சந்தையில் அவனுக்கு மதிப்புக் குறைவு. ஆனால் அந்தக் கோணல் மீசையை உங்கள் அப்பாவின் எட்டு வயதுக் கை வரைந்திருக்கிறது. அதைத் தின்னர் போட்டு அழிக்காதீர்கள்; தின்னர் சிலவகைப் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும் என்பது ஒரு பக்கம் இருக்கட்டும், அழித்த மீசையை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

சாயம் பூசாத வீரனுக்கு நாளைக்கும் பூசிக்கொள்ளலாம். பூசிய வீரனைப் பழையபடி ஆக்குவது கடினம். சந்தேகம் இருந்தால் காத்திருங்கள். சந்தேகம் தீர்ந்துவிட்டால் தூரிகையைப் பிள்ளையிடமே கொடுங்கள், உங்கள் கைக்கு வேலை வேண்டாம்! அடியில் அவன் பெயரையும் ஆண்டையும் சிறிதாக எழுதச் சொல்லுங்கள். பிற்காலத்தில் தகரத்தைத் திறப்பவர்களுக்கு அது உதவும்.