பழைய பெயரில் ஒரு புதிய பிள்ளை: கமலா கானும் அவளுடைய வாசகர்களும்

என் வகுப்பறையில் ஒரு வாசிப்புப் பெட்டி இருக்கிறது. பழைய சிறுகதைத் தொகுதிகள், கிழிந்த அம்புலிமாமாக்கள், இந்த இதழின் சில பிரதிகள் எல்லாம் அதற்குள் கிடக்கும். போன வருடம் அதற்குள் ஒரு ஆங்கிலச் சித்திரக்கதையையும் வைத்தேன். 'மிஸ் மார்வல்', முதலாம் தொகுதி. கொழும்பிலிருந்து தம்பி வாங்கி வந்தது.

மூன்றாம் நாள் ஒரு தாய் வந்தார். "டீச்சர், முஸ்லிம் பிள்ளைட கதையாமே. தலையில முக்காடு இல்ல. இதையா எங்கட புள்ளைகளுக்குக் குடுக்கிறீங்க?" அதே கிழமை பத்தாம் ஆண்டுப் பையன் ஒருவன் வேறொரு முறைப்பாட்டோடு வந்தான். "மிஸ் மார்வல் வெள்ளக்காரப் பொம்புள டீச்சர். அந்தப் பேரை இவள் எப்படி எடுக்கலாம்?"

தாய்க்கு அந்தப் பாத்திரம் போதுமான அளவு முஸ்லிமாக இல்லை. பையனுக்கு அவள் முஸ்லிமாக, கறுத்த முடியோடு, அந்தப் பெயரில் இருப்பதே பிடிக்கவில்லை. 2013ஆம் ஆண்டு அமெரிக்காவில் கமலா கான் அறிவிக்கப்பட்டபோது எழுந்த பேச்சும் ஏறத்தாழ இந்த இரண்டும்தான். லிங்கநகரில் இருந்துகொண்டு அதை இரண்டு நாளில் கேட்டுவிட்டேன்.

சுப்பர் ஹீரோ கதைகளை வாசிக்காதவர்களுக்கு ஒரு விளக்கம் தேவை. மார்வல் நிறுவனத்தின் கதைகள் 1961இலிருந்து ஒரே உலகத்துக்குள் நடப்பவை. ஒரு புத்தகத்தில் இடிந்த கட்டடம் இன்னொரு புத்தகத்திலும் இடிந்துதான் இருக்கும். ஐம்பது அறுபது வருடங்களாக இதை வாசித்து வருபவருக்கு அந்த உலகம் சொந்த ஊர் மாதிரி. யார் யாருக்கு மச்சான், யார் எப்போது மௌத்தானார், யார் திரும்பி வந்தார் எல்லாம் மனப்பாடம். அந்த ஊருக்குப் புதிதாகக் குடிவருகிற எவரையும் முதலில் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள். வருபவர் பழைய வீட்டின் பெயர்ப்பலகையையும் தன் வாசலில் மாட்டிக்கொண்டால் கேட்கவா வேண்டும்?

எங்கள் இலக்கியத்திலும் இதற்குக் கிட்டிய ஒன்று உண்டு. அசன் அலிப் புலவரின் 'ஐந்து படைப்போர்' அலி (ரலி) அவர்களின் வீரத்தைப் பாடுவது. ஒவ்வொரு போருக்கும் ஒரு புதிய பகைவன் வருகிறான். இந்திராயன் என்றொரு பகைவனை வரலாற்று நூல்களில் தேடினால் கிடைக்கமாட்டான். கேட்டவர்கள் அதைப் பெரிதுபடுத்தாமல் ஏற்றுக்கொண்டார்கள். (ஸஹாபாக்களை சுப்பர் ஹீரோக்களோடு ஒப்பிடுகிறேன் என்று யாரும் எண்ணவேண்டாம். கதை வளர்கிற விதத்தைத்தான் சொல்கிறேன்.) புதிய பகைவனைச் சேர்ப்பது எளிது. ஒரு நாயகனின் பெயரைத் தூக்கி இன்னொருவருக்குக் கொடுப்பதற்குத்தான் எந்தச் சபையும் இலகுவில் இடம் தராது.

தமிழில் சித்திரக்கதை வாசித்தவர்களுக்கும் இந்த உணர்வு பழக்கமானதே. சிவகாசியிலிருந்து 1972இல் 'முத்து காமிக்ஸ்' இரும்புக்கை மாயாவியோடு தொடங்கியது. 1984இல் 'லயன் காமிக்ஸ்' வந்தபோது அதன் முதல் இதழின் நாயகி மாடஸ்டி என்ற பெண். ஆனால் லயன் எழும்பி நின்றது அவளால் அல்ல, பின்னால் வந்த ஸ்பைடரால். இந்த ஸ்பைடர் நாம் அறிந்த அமெரிக்கச் சிலந்தி மனிதன் அல்ல. குற்றவாளியாகத் தொடங்கித் திருந்திய ஒரு பிரித்தானியப் பாத்திரம். நான் சின்னப் பிள்ளையாக இருந்த காலத்தில் நானா ஒளித்து வைத்திருந்த அட்டையில்லாத பிரதிகளில் மாயாவியும் ஸ்பைடரும் இருந்தார்கள். மாடஸ்டி இருந்த பிரதியை யாரும் இரவல் கேட்டதாக ஞாபகம் இல்லை. நானும் கேட்கவில்லை. ஒரு பெண்பிள்ளையாக இருந்தும் எனக்கு மாயாவிதான் வேண்டியிருந்தது. இதை இப்போது எழுதும்போது கொஞ்சம் வெட்கமாகத்தான் இருக்கிறது.

இனி கமலாவுக்கு வருவோம். மிஸ் மார்வல் என்ற பெயர் 1977இலிருந்து கரோல் டென்வர்ஸ் என்ற பொன்னிற முடிக்காரிக்கு உரியது. 2012இல் அவர் கெப்டன் மார்வல் ஆகப் பதவி உயர்ந்தார். பழைய பெயர் சும்மா கிடந்தது. மார்வலின் தொகுப்பாசிரியர்களில் ஒருவரான சனா அமனாத், பாகிஸ்தானிய வம்சாவளிப் பெண், தன் இளமைக்காலக் கதைகளைச் சக ஆசிரியரான ஸ்டீவன் வாக்கரிடம் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் இந்தப் பாத்திரத்தின் எண்ணம் பிறந்தது. எழுத வந்தவர் ஜீ. வில்லோ வில்சன், இஸ்லாத்தைத் தழுவிய அமெரிக்க எழுத்தாளர். வரைந்தவர் ஏட்ரியன் அல்போனா. 2014 பெப்ரவரியில் முதல் இதழ் வெளியானது.

அறிவிப்பு வந்தவுடனேயே, ஒரு பக்கத்தையும் வாசிக்காமலேயே, ஆட்கள் பிரிந்து நின்றார்கள். அரசியலுக்காகத் திணிக்கப்பட்ட பாத்திரம் என்றார்கள் சிலர். பல தாரம் பற்றிய பழைய பகிடிகளைச் சிலர் அவிழ்த்துவிட்டார்கள். நம்மவர்களுக்கோ வேறு பயம்: மேற்குலகம் நம் பிள்ளையை எடுத்து எதைச் செய்யப்போகிறதோ? அந்தப் பயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. 2010 இறுதியில் பாரிஸ் நகருக்கு ஒரு பேட்மேன் துணைவனாக, அல்ஜீரிய வம்சாவளி பிலால் அஸ்ஸலாஹ் என்ற இளைஞனை டீசி நிறுவனம் கொண்டுவந்தபோது, பிரான்ஸைக் காக்க ஒரு முஸ்லிமா என்று அமெரிக்காவில் கூச்சல் எழுந்தது. கற்பனை மனிதன் ஒருவனுக்கே குடியுரிமை கேட்டார்கள்.

கமலாவின் கதையை வாசித்தவர்கள் எதிர்பார்க்காத ஒன்றைக் கண்டார்கள். அவளே ஒரு ரசிகை. ஜேர்சி சிட்டியில் வாப்பா யூசுப், உம்மா முனீபா, மார்க்கப் பற்றுள்ள நானா ஆமிர் ஆகியோரோடு வாழும் பதினாறு வயதுப் பிள்ளை. சுப்பர் ஹீரோக்களை வைத்துக் கதை எழுதிக்கொண்டிருப்பவள். சக்தி கிடைத்ததும் முதலில் அவள் எடுக்கிற உருவம் கரோலின் உருவம்: வெள்ளைத் தோல், பொன்னிற முடி. ஆசைப்பட்ட உருவம் கிடைத்தபின் அது உடம்புக்கு ஒத்துவரவில்லை. உடுப்பு இறுக்குகிறது, முடி முகத்தில் விழுகிறது. 'இந்தப் பெயர் இவளுக்கு எப்படிப் பொருந்தும்?' என்ற பையனின் கேள்வியைக் கதைக்குள் கமலாவே கேட்டுக்கொள்கிறாள். எதிர்க்க வந்த வாசகனின் வாயிலிருந்த கேள்வியை எழுத்தாளர் முன்கூட்டியே நாயகியின் வாயில் வைத்துவிட்டார். என் மதிப்பீட்டில் அந்தத் தொடர் நிலைத்ததற்கு இதுதான் முதற் காரணம்.

இரண்டாவது காரணம், கரோலை யாரும் கொல்லவில்லை, அவமானப்படுத்தவும் இல்லை. 2017இல் மார்வலின் விற்பனைப் பொறுப்பாளர் ஒருவர், பல்லினப் பாத்திரங்களும் பெண் பாத்திரங்களும் வேண்டாம் என்று கடைக்காரர்கள் சொல்வதாகப் பேசியபோது வில்சன் பதில் எழுதினார். மூத்த பாத்திரத்தைக் கொன்றோ சிறுமைப்படுத்தியோ வாரிசைக் கொண்டுவந்தால் அந்த வாரிசு தோற்கத்தான் செய்யும். குற்ற உணர்ச்சியைக் காட்டுவதற்காகச் செய்கிற பன்மைத்துவம் பலன் தராது என்பது அவருடைய கருத்து. அந்தத் தொடரை எழுதியவரே இப்படிச் சொன்னது கவனிக்கவேண்டியது.

'கடைக்காரர்கள் சொல்வது' என்பதையும் விளக்கவேண்டும். அமெரிக்காவில் மாத இதழ்கள் சித்திரக்கதைக்கென்றே உள்ள கடைகளில் விற்பனையாகின்றன. கடைக்காரர் இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே தொகை சொல்லி வாங்கவேண்டும். விற்காததைப் பெரும்பாலும் திருப்பிக் கொடுக்க முடியாது. ஆகவே அவர் தெரிந்த முகத்தையே வாங்குவார். அப்போது பட்டியல்களில் வந்த விற்பனை எண்ணும் கடைக்காரர் வாங்கிய எண்தான், வாசகர் வாங்கியதல்ல. புதிய பாத்திரத்துக்கு 'வரவேற்பில்லை' என்று சொல்லப்படும்போது பல வேளைகளில் நமக்குத் தெரிவது கடைக்காரரின் பயம் மட்டுமே. கமலாவின் வாசகர்கள் அந்தக் கடைகளுக்கு வெளியே, தொகுதியாக வந்த புத்தகத்தைப் புத்தகக் கடைகளிலும் நூலகங்களிலும் கண்டுபிடித்தார்கள். முதல் இதழ் ஏழு தடவை அச்சானது. முதல் தொகுதிக்கு 2015இல் ஹியூகோ விருது கிடைத்தது. அதே ஆண்டு ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ பஸ்களில் ஒட்டப்பட்டிருந்த இஸ்லாத்துக்கு எதிரான விளம்பரங்களின் மேல் யாரோ கமலாவின் படத்தை ஒட்டிவிட்டுப் போனார்கள். வந்து ஒரு வருடம் ஆகாத பாத்திரம்!

நம்மவர்களின் எதிர்வினைக்கு வந்தால், குவைத்தின் நாயிஃப் அல்முத்தவாவை நினைக்காமல் இருக்க முடியாது. உளவியல் மருத்துவரான அவர் 2006இல் 'தி 99' என்ற தொடரைத் தொடங்கினார். அல்லாஹ்வின் அழகிய திருநாமங்கள் சுட்டும் பண்புகளில் ஒவ்வொன்று ஒவ்வொரு இளைஞரிடம் வெளிப்படுவதாக அமைந்த கதை. ஜப்பார், நூரா என்றெல்லாம் பெயர்கள். அமெரிக்காவில் சிலர் இது பிள்ளைகளுக்கு ஷரீஆவைப் புகட்டும் தந்திரம் என்றார்கள். சவூதியில் 2014இல் உலமாக்கள் அதற்கு எதிராக ஃபத்வா வழங்கினார்கள். திருநாமங்களை மனிதருக்குச் சூட்டுவது பற்றிய அச்சத்தை நான் இலேசாக எடுக்கமாட்டேன். அது அகீதாவோடு சம்பந்தப்பட்டது. ஆனாலும் ஒரே புத்தகத்தை ஒரு கரையில் அளவு மீறிய இஸ்லாம் என்றும் மறுகரையில் இஸ்லாத்துக்கு விரோதம் என்றும் சொன்னார்கள் என்பதையும் பார்க்கவேண்டியிருக்கிறது.

கமலா இந்தச் சுமையிலிருந்து தப்பியது எப்படி? அவளோடு வேறு முஸ்லிம்களும் இருக்கிறார்கள். துருக்கிய வம்சாவளித் தோழி நகியா முக்காடு அணிகிறாள். வீட்டில் வற்புறுத்தினார்களா என்று வகுப்புத் தோழி கேட்க, வாப்பா கழற்றச் சொல்கிறார், தான்தான் போட்டிருக்கிறேன் என்கிறாள். ஆமிர் தொழுகையில் உறுதியாக நிற்கிறான், தொழிலுக்குப் போவதில் அல்ல. கமலா முக்காடு அணிவதில்லை; ஆனால் அவளுடைய வீர உடையே ஒரு புர்கினியிலிருந்து தைத்தது. யாரும் முழுச் சமூகத்தையும் தலையில் சுமக்கவில்லை. நான் தமிழ் சிறப்புப் பட்டம் முடித்துக் கற்பிக்க வந்த காலத்தில், "நீங்க இஸ்லாம் பாட டீச்சரா?" என்று கேட்பார்கள். கம்பராமாயணம் படிப்பிக்கிறேன் என்றால் ஒரு பார்வை. வகுப்பில் ஒரு சொல் பிழைத்தால் அது என் பிழையாக மட்டும் இருக்காது என்று பயந்து பயந்து படித்துக்கொண்டு போவேன். ஆசிரியர் அறையில் இரண்டாவது முஸ்லிம் தமிழாசிரியை வந்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. தனியாக ஒருத்தி இருந்தால் அவள் பிழைவிடவே கூடாது.

2022இல் தொலைக்காட்சித் தொடர் வந்தபோது ஒரு வேடிக்கை நடந்தது. புத்தகத்தில் உடம்பு நீண்டு சுருங்குகிற சக்தியை அங்கே ஒளிக் கட்டிகளாக மாற்றிவிட்டார்கள். இது எங்கள் கமலா இல்லை என்று கோபித்தவர்கள் புத்தகத்தின் ரசிகர்கள். எட்டு வருடத்தில் அவர்களும் பழைய ஊர்க்காரர் ஆகிவிட்டார்கள். 2023 மே மாதத்தில் ஸ்பைடர் மேனின் இதழ் ஒன்றில், தன் சொந்தப் புத்தகத்தில்கூட அல்லாமல், கமலா கொல்லப்பட்டாள். அப்போது எழுந்த எதிர்ப்பு, அவள் வந்தபோது எழுந்ததற்குக் குறைந்ததல்ல. இரண்டு மாதத்தில் உயிரோடு திருப்பிக் கொண்டுவந்தார்கள்.

அந்தத் தாயிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. உண்மையைச் சொன்னால், அன்றைக்குப் பயந்துதான் போனேன். புத்தகத்தைப் பெட்டியிலிருந்து எடுத்து மேசை லாச்சிக்குள் போட்டுவிட்டேன். இரண்டு நாள் அங்கே கிடந்தது. பிறகு அவரையே கூப்பிட்டு, தொடரில் பின்னால் வருகிற ஒரு இடத்தைச் சொன்னேன். கமலா இரகசியமாக ஏதோ செய்கிறாள் என்று வீட்டார் அவளைப் பள்ளிவாசலுக்கு, ஷேக் அப்துல்லாஹ்விடம் அனுப்புகிறார்கள். ஏச்சு விழும் என்று போகிறாள். மனிதர்களுக்கு உதவி செய்வதை விடமாட்டேன் என்கிறாள். அவர் ஏசவில்லை. செய்வதானால் நேர்மையோடும் இரக்கத்தோடும் செய், உனக்கு ஒரு ஆசானைத் தேடிக்கொள் என்று அனுப்பிவைக்கிறார்.

"அந்த மௌலவி நல்ல மனிசனா இருக்காரே," என்றார் அந்தத் தாய். பிறகு, "முக்காடு போட்ட புள்ளையும் இருக்கென்டு சொன்னீங்களே, அவள் எந்தப் பக்கத்தில?" என்று கேட்டார். நகியாவின் பக்கத்தை எடுத்துக் காட்டினேன். நின்றபடியே பார்த்தார். அன்றைக்குப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனவர் அவர்தான். இரவல் கொப்பியில் மகளின் பெயரை எழுதினார்.

பையனிடம், மிஸ் மார்வல் பெயர் கரோலுக்கே திரும்பவேண்டுமா என்று கேட்டேன். "அவதான் கெப்டன் ஆயிட்டாவே டீச்சர், அவக்கு எதுக்கு இனி அது?" என்றான். இரண்டாம் தொகுதி எப்போது வரும் என்று மட்டும் கிழமைக்கு ஒரு தடவை கேட்கிறான்.