கரிம வேதியியலும் மனனமும்

எஸ்.டி.பி.எம். தேர்வுக்கோ ஏ நிலைத் தேர்வுக்கோ ஆயத்தமாகும் மாணாக்கர் பலரை அச்சுறுத்தும் பகுதி கரிம வேதியியல். பக்கம் பக்கமாக வினைகளை உருப்போட்டவரும், வினா சற்றே மாறி வந்தவுடன் திகைத்து நிற்பர். குற்றம் மனனத்தில் இல்லை. மனனம் செய்ய வேண்டுவது எது, உணர வேண்டுவது எது எனப் பகுத்தறியாமையே குற்றம்.

தமிழாசிரியர் நன்கறிந்த ஓர் உவமையைக் கொண்டு இதனை விளக்கலாம். பூங்கொடியில் ஓரெழுத்துத் தோன்றுகிறது, பற்பொடியில் திரிகிறது, மரவேரில் கெடுகிறது. புணர்ச்சி விகாரம் இம்மூன்றே. இவற்றை அறிந்தவன் ஆயிரம் சொற்களைத் தனித்தனியே நெட்டுருச் செய்ய வேண்டுவதில்லை. கரிம வினைகளிற் பெரும்பாலனவும் இவ்வாறே சேர்க்கை, பதிலீடு, நீக்கம் என்னும் வகைகளுள் அடங்கும்.

புரோப்பீன் ஐதரசன் புரோமைடோடு சேர்ந்தால் 2-புரோமோபுரோப்பேன் உண்டாகும், இது சேர்க்கை. அதனை நீரிற் கரைந்த காரத்தோடு சூடாக்கினால் புரோமினின் இடத்தில் ஐதராக்சில் அமர்ந்து புரோப்பன்-2-ஆல் கிடைக்கும், இது பதிலீடு. ஆல்ககாலிற் கரைந்த காரத்தோடு சூடாக்கினாலோ பெரும்பாலும் மீண்டும் புரோப்பீனே வரும், இது நீக்கம். மூன்று வினைகளும் ஒரே சங்கிலியாயின.

இனி, வழிமுறை யாது? எலெக்ட்ரான்கள் எங்கிருந்து எங்கே செல்கின்றன என்னும் கதையே அது. 1922-இல் இராபர்ட் இராபின்சனும் வில்லியம் கெர்மாக்கும் அதனைக் காட்ட வளைந்த அம்புக்குறியைக் கையாண்டனர்.

இரட்டைப் பிணைப்பில் ஐதரசன் மிகுதியாக உள்ள கார்பனையே புதிய ஐதரசன் நாடும் என்பது, உருசிய அறிஞர் மார்க்கோனிக்காவ் 1870-இல் வெளியிட்ட விதி. ‘பணம் பணத்தோடு சேரும்’ என மாணாக்கர் இதனை எளிதில் நினைவிற் கொள்வர். ஆனால், பெராக்சைடு உடனிருந்தால் புரோமின் கடைக்கார்பனிற் சேர்ந்து 1-புரோமோபுரோப்பேன் விளையும். காராஷ், மேயோ ஆகியோர் 1933-இல் இவ்விளைவை வெளியிட்டனர். விதியை மட்டும் மனனம் செய்தவன் இங்கே இடறுவான்.

காரணம் உணர்ந்தவனுக்கு இரண்டும் ஒன்றே. முதலில் வந்து சேர்வது கடைக்கார்பனில் அமர்கிறது. அப்போது நடுக்கார்பனில் உண்டாகும் இடைநிலையே உறுதி மிக்கது. வழக்கமான வினையில் முதலில் வருவது ஐதரசன் அயனி; பெராக்சைடு இருக்கையில் முதலில் வருவது புரோமின் அணு. வரிசை மாறியது, நெறி மாறவில்லை.

அப்படியாயின் மனனமே வேண்டாவோ? வேண்டும். வினைப்பொருளின் பெயர், கரைப்பான், வெப்பநிலை ஆகியவற்றை நினைவில் நிறுத்தியே ஆகவேண்டும். ஆயினும், திரும்பத் திரும்பப் படித்தல் போதாது. 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கே ஆகிய உளவியலறிஞர் நடத்திய ஆய்வில், ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மீண்டும் படித்தவரே முந்தினர். ஒரு வாரம் கழிந்தபின், நூலை மூடிவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவரே முந்தினர். தேர்வுக்கு முந்திய இரவுப் படிப்பு ஏன் ஏமாற்றுகிறது என்பது இதனால் விளங்கும்.

ஆதலின், மாணாக்கன் நூலை மூடி, வெள்ளைத்தாளில் வினைச் சங்கிலியை வரைக, அம்புக்குறிகளை இடுக, பின்னர் நூலோடு ஒப்பிட்டுத் திருத்துக. சில நாள் இடைவிட்டு மீண்டும் செய்க. ஆசிரியரோ, “விளைவது யாது?” என்பதோடு நில்லாமல், “ஏன் அது விளைகிறது?” எனவும் வினவுதல் வேண்டும்.

மருத்துவம், மருந்தியல் முதலிய படிப்புகளின் வாயிலில் வேதியியல் நிற்கிறது. தோட்டப்புறத்துப் பிள்ளைக்குக் கட்டணம் செலுத்திப் பெறும் தனிவகுப்பு எட்டாமற் போகலாம். ஒரு வெள்ளைத்தாளும், ‘ஏன்’ என்னும் ஒரு வினாவும் எவருக்கும் எட்டும்.