உரத்தை ஒரே நாளில் நிறுத்தினால்? கியூபாவும் இலங்கையும் சொல்லும் பாடம்

இயற்கை வேளாண்மை பற்றிப் பேச எந்த ஊருக்குப் போனாலும் ஒரு கேள்வி தவறாமல் வருகிறது. "இலங்கையில என்ன ஆச்சுன்னு பார்த்தீங்கள்ல? உரத்தை நிறுத்தினாங்க, நாடே கவுந்துபோச்சு!" இதைச் சிரித்து மழுப்ப முடியாது. கேட்பவருக்கு இருப்பது சோற்றைப் பற்றிய பயம், நியாயமான பயம். உடனே நம்ம ஆட்கள் கியூபாவைப் பதிலாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், இரண்டு கதையையும் முழுசாகச் சொன்னால்தான் பதில் கிடைக்கும்.

கரும்பை நம்பிய தீவு

1959 புரட்சிக்குப் பிறகு அமெரிக்கா கியூபாவுடன் வணிகத்தை முறித்துக்கொண்டது. சோவியத் யூனியன் கைகொடுத்தது. கியூபாவின் சர்க்கரையை உலகச் சந்தை விலையைவிடக் கூடுதலாகக் கொடுத்து வாங்கியது. பதிலுக்கு எண்ணெய், உரம், பூச்சிக்கொல்லி, டிராக்டர் எல்லாம் கப்பலில் வந்தன. பெரிய பெரிய அரசுப் பண்ணைகள். பார்க்கும் இடமெல்லாம் கரும்பு. சாப்பாட்டு தானியமும் பெரும்பாலும் வெளியிலிருந்துதான். ஆட்சி பொதுவுடைமை ஆட்சி. வயலில் நடந்ததோ நாம் பார்த்த அதே பசுமைப் புரட்சி.

1991 இறுதியில் சோவியத் யூனியன் கலைந்தது. கப்பல் நின்றது. 1993க்குள் நாட்டின் பொருளாதாரம் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சுருங்கிவிட்டது. டீசல் இல்லாமல் டிராக்டர்கள் நின்றன. சத்துக் குறைவு முக்கியக் காரணமாக, 1992-93இல் சுமார் 50,000 பேருக்குப் பார்வை நரம்பும் மற்ற நரம்புகளும் பாதிக்கப்பட்டன. கியூபாவின் வெற்றிக் கதையைச் சொல்கிறவர்கள் இந்தப் பசியையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

எழுந்தது எப்படி?

மறுபடி காளைகளைப் பழக்கினார்கள். பெவேரியா பூஞ்சாணமும் டிரைக்கோகிரம்மா குளவியும் பெருக்க 200க்கும் மேற்பட்ட சிறு கூடங்கள் நாடெங்கும் இயங்கின. சர்க்கரைவள்ளியைத் துளைக்கும் கூன்வண்டை ஒழிக்க, வாழைத்தண்டில் இனிப்பைத் தடவி எறும்புகளை வரவழைத்து, அந்தத் தண்டோடு தூக்கிவந்து வயலில் விட்டார்கள். ஹவானா நகரத்துக் காலி மனைகளில் மேட்டுப்பாத்தி போட்டுக் காய்கறி விளைந்தது.

தொழில்நுட்பத்தைவிட முக்கியமாக நான் பார்ப்பது வேறு. 1993இல் அரசு தன் பெரும் பண்ணைகளை உடைத்து, அங்கே கூலி வாங்கியவர்களின் கூட்டுறவுகளுக்கு நிலத்தை உழுதுகொள்ளக் கொடுத்தது. அரசுக்கு அளக்க வேண்டியதை அளந்தபின் மீதியை உழவர் சந்தையில் விற்கலாம் என 1994இல் அனுமதித்தது. எல்லாமே மேலிருந்து உத்தரவாக வந்த ஒரு கட்சி ஆட்சி அது. அந்த அரசே பிடியைத் தளர்த்தி, உழவர் கையில் நிலமும் விலையும் கொஞ்சம் வந்தபிறகுதான் விளைச்சல் எழுந்தது. 1997இல் தொடங்கிய 'உழவரிடமிருந்து உழவருக்கு' இயக்கம் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஒரு லட்சம் குடும்பங்களைத் தொட்டது.

அதற்காகக் கியூபாவைச் சொர்க்கமாக்க வேண்டாம். இன்றும் அது தன் உணவில் பெரும்பகுதியை இறக்குமதிதான் செய்கிறது.

இலங்கையில் நடந்தது

2019 தேர்தலில் கோத்தபய ராஜபக்ச பத்தாண்டுகளில் இயற்கை வேளாண்மைக்கு மாறுவோம் என்றார். ஆனால் 2021 மே மாதம் ரசாயன உரத்துக்கும் பூச்சிக்கொல்லிக்கும் ஒரே அடியாக இறக்குமதித் தடை வந்தது. மண்மேல் உள்ள பாசம் மட்டும் காரணமல்ல. கொரோனாவில் சுற்றுலா படுத்துவிட்டது. 2019 இறுதியில் செய்த வரிக் குறைப்பால் கஜானா இளைத்துக் கிடந்தது. வெளிக்கடன் தவணை கழுத்தை நெரித்தது. உரம் வாங்க டாலர் இல்லை.

பத்தாண்டு வேலையை ஒரு போகத்தில் முடிக்கச் சொன்னால் உழவர் எருவுக்கு எங்கே போவார்? இயற்கை உரத்தையே சீனாவிலிருந்து கப்பலில் வரவழைத்தார்கள். கேடு செய்யும் பாக்டீரியா இருக்கிறது என்று அதையும் இறக்கவிடவில்லை. உழவர்கள் தெருவில் இறங்கினார்கள். நவம்பரில் தடை போனது. அதற்குள் காலம் கடந்திருந்தது. பெரும்போக நெல் விளைச்சல் சரிந்தது. 2022 ஏப்ரலில் நாடு கடனைத் திருப்ப முடியாது என்று கைவிரித்தது.

ஆக, நாடு கவிழ்ந்தது கடனால். உரத்தடை அந்தச் சுமையை உழவர் தலையில் ஏற்றியது. கேள்வி கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இதுதான்.

நமக்கென்ன?

நம் மூட்டையும் கப்பலில்தான் வருகிறது. பொட்டாஷ் முழுக்க வெளிநாட்டுச் சரக்கு. யூரியா செய்யும் எரிவாயுவில் பெரும்பங்கும் அப்படியே. 2022இல் உக்ரைனில் போர் மூண்டு விலை ஏறியபோது, 2022-23இல் மத்திய அரசின் உர மானியம் 2 லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. யூரியாவுக்கு நாம் கடையில் கொடுப்பது பாதி விலைகூட இல்லை. மீதி நம் வரிப்பணம்.

ஆட்சி எந்த நிறமாக இருந்தாலும், கப்பலை நம்பிய வயல் கப்பலோடு நிற்கும். அதே சமயம், உத்தரவால் மண் மாறாது. அதற்கு உழவரின் கையில் நிலம் வேண்டும், கட்டுப்படியான விலை வேண்டும், மாறும் இரண்டு மூன்று ஆண்டு விளைச்சல் குறைவைத் தாங்க ஆதரவு வேண்டும். இதை அரசிடம் இயக்கமாகக் கேட்போம்.

புதிதாக வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. மொத்த நிலத்தையும் ஒரே போகத்தில் மாற்றாதீர்கள். முதலில் ஒரு பகுதியில் தக்கைப்பூண்டோ சணப்போ விதைத்து மடக்கி உழுங்கள். மாடு, விதை, விற்க ஆள் - மூன்றும் கைக்கு வந்தபின் அடுத்த பகுதிக்குப் போங்கள். நெருக்கடி வந்தபின் மாறுவதைவிட, மூட்டை கையில் இருக்கும்போதே மாறுவது எளிது.