சிறு சட்டைகளால் ஒரு போர்வை

நம் வீடுகளில் பிறந்த குழந்தைக்கு உடனே புதுத்துணி அணிவிப்பதில்லை. பாட்டனார் கட்டிப் பழகிய வேட்டியைத் துவைத்து, வெயிலில் உலர்த்தி, கிழித்து, அதிலேதான் குழந்தையைப் பொதிந்து எடுப்பார்கள். தூளியும் தாயின் பழம்புடவையே. பலமுறை துவைத்த பருத்தித் துணியில் கஞ்சியின் விறைப்பு இராது. ஈரத்தை நன்றாக உறிஞ்சும். குழந்தையின் மேனியை உறுத்தாது. இவ்வாறு பெரியவர்கள் உடுத்த துணி குழந்தைக்கு வந்து சேர்கிறது.

குழந்தை வளர்ந்தபின் அதன் துணி எங்கே போகிறது? அடுத்த குழந்தைக்கு, பிறகு உறவினர் வீட்டுக் குழந்தைக்கு, கடைசியில் அடுப்படிக்குக் கரித்துணியாக. சிலவற்றை மட்டும் தாய்மார் எவருக்கும் கொடுக்க மனமின்றிப் பெட்டியின் அடியில் வைத்துவிடுகிறார்கள். அத்தகைய துணிகளைக் குறித்தே இங்கு எழுதப் புகுந்தேன்.

பெட்டிக்குள் பதினேழு சட்டைகள்

செங்கற்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகக் கடற்கரைக்குச் சென்று தெற்கே திரும்பினால் சதுரங்கப்பட்டினம். டச்சுக்காரர் காலத்தில் மெல்லிய மஸ்லின் துணி இங்கிருந்து கப்பலேறியது. கோட்டைக்குள் அவர்களுடைய கல்லறைக் கற்கள், பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டு, இன்றும் இருக்கின்றன. துணியை நெய்தவருக்கு அப்படி ஒரு கல்லும் இல்லை.

அப்பக்கத்துச் சிற்றூர் ஒன்றில், ஓடாத தறிகளைச் சரிபார்த்துப் பட்டியலிடும் பணிக்காகச் சென்ற ஆண்டு நான் சென்றிருந்தேன். ஓர் அங்கத்தினர் வீட்டில் தறிக்குழியைப் பலகையிட்டு மூடி, அதன்மேல் நெல்மூட்டை அடுக்கியிருந்தனர். வீட்டுக்காரர் ஆறு ஆண்டுகளுக்கு முன்பே மறைமலைநகர்ப் பக்கத்தில் ஒரு தொழிற்சாலைக்குக் காவலராகப் போய்விட்டார். அவருடைய மனைவி, நான் கேட்ட விவரங்களைச் சொல்லி முடித்தபின், "உங்களிடம் ஒன்று காட்டவேண்டும், அம்மா" என்று ஒரு தகரப் பெட்டியைத் திறந்தார்.

உள்ளே பதினேழு சிறு சட்டைகள். எல்லாம் கைத்தறித் துணி. ஒப்புக்கொண்ட நீளத்தை அறுத்துச் சங்கத்தில் ஒப்படைத்தபின், பாவின் கடைசியில் ஓரடி, இரண்டடி என்று மிஞ்சும் துண்டுகளில் தம் ஒரே மகளுக்கு அவர் தைத்தவை அவை. சங்கத்தின் நூல் கணக்கில் இதற்குக் 'கழிவு' என்று பெயர். எத்தனையோ ஊர்களில் அந்தப் பத்தியைக் கூட்டிப் பார்த்துக் கையொப்பமிட்டிருக்கிறேன். கழிவு என்பது ஒரு குழந்தையின் முதல் இரண்டு ஆண்டுகளுக்கு உடையாக இருந்ததென்று அன்றுதான் அறிந்தேன்.

"அவர் நெய்ததில் எங்களிடம் நின்றது இவ்வளவுதான். மற்றதெல்லாம் விற்றுப் போயிற்று. இதையும் இராமபாணப் பூச்சி அரிக்கத் தொடங்கிவிட்டது. பெண்ணோ கல்லூரி விடுதிக்குப் போகப்போகிறாள். இதை என்ன செய்வது?" என்று கேட்டார். துண்டுகளாக வெட்டி இணைத்துப் போர்வையாகத் தைக்கலாம் என்றேன். அவர் சட்டைகளை அள்ளி மடியில் வைத்துக்கொண்டார். "வெட்டினால் சட்டை போய்விடுமே, அம்மா" என்றார்.

அந்த அச்சம் நியாயமானது. வெட்டிய துணியை மீண்டும் சட்டையாக்க முடியாது.

வெட்டித் தைத்தவர்கள்

பழந்துணியை அடுக்கித் தைப்பது நம் நாட்டிற்குப் புதிதன்று. வங்காளத்து மாதர் பழைய புடவைகளையும் வேட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, புடவைக் கரையிலிருந்தே இழையை உருவி, ஓட்டுத்தையல் போட்டுக் 'காந்தா' செய்கிறார்கள். நம் மொழியிலுள்ள 'கந்தை' என்ற சொல்லும் அச்சொல்லும் ஒரே வேரிலிருந்து வந்தவை. பீகாரில் 'சுஜனி' என்னும் இவ்வகைத் தையல், பிறந்த குழந்தையைப் பொதிவதற்கென்றே தோன்றியது.

வெட்டியபின் நினைவு நிற்குமா என்ற ஐயத்திற்கு விடையாக அந்த அம்மாளுக்கு நான் சொன்னது, கடல் கடந்த ஒரு செய்தி. அமெரிக்காவில் அலபாமா மாநிலத்து ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரில், பருத்தி பயிரிட்ட ஏழைக் கறுப்பினக் குடியானவர்களின் வீட்டுப் பெண்கள், நைந்த உடைகளை வெட்டிப் போர்வை தைத்து வந்தார்கள். 1942-இல் மிசூரி பெட்வே என்ற பெண்மணி, இறந்த தம் கணவர் வயலில் உடுத்த உடைகளையெல்லாம் வெட்டி ஒரே போர்வையாகத் தைத்தார். அவரை நினைத்துக்கொண்டு அதைப் போர்த்துக்கொள்வதற்காகவே அவ்வாறு செய்தார் என்று அவருடைய மகள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார். முழங்காலில் தேய்ந்த இடமும், பை தைத்திருந்த இடத்தில் வெளிறாமல் நின்ற நிறமும் அப்படியே விடப்பட்டன. 2002-இல் அவ்வூர்ப் போர்வைகள் ஹூஸ்டன் நகரத்துக் கலைக்கூடத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன.

தைக்கும் முறை

அந்த அம்மாள் ஒப்புக்கொள்ள ஒரு வாரம் ஆயிற்று. பிறகு நாங்கள் பின்பற்றிய முறையை இங்கே தருகிறேன்.

முதலில், ஒரு சட்டையை முழுதாக எடுத்து வைத்துவிட வேண்டும். எதை என்பதைத் தாயே முடிவு செய்யட்டும். எஞ்சிய பதினாறையும் துவைத்து, பித்தானும் ஊக்கும் நீக்கி, வெயிலில் உலர்த்தினோம்.

அடுத்தது சாயச் சோதனை. ஒவ்வொரு துணியின் மூலையையும் நனைத்து, வெள்ளைத் துணியின்மேல் வைத்து அழுத்திப் பார்க்கவேண்டும். நிறம் ஒட்டினால் அத்துணியை ஒதுக்கவேண்டும். இதை நான் பட்டறிந்தே சொல்லுகிறேன். என் மகனின் துணிகளில் இவ்வாறு ஒரு போர்வை தைத்தபோது, கடையில் வாங்கிய சிவப்புத் துண்டொன்றைச் சோதியாமல் சேர்த்தேன். முதல் துவைப்பிலேயே சாயம் ஊறி, அவன் பெயர் சூட்டிய நாளன்று அணிந்த வெள்ளைச் சட்டையின் துண்டு முழுவதும் சிவந்துவிட்டது. அது திரும்பவில்லை.

ஆறரை அங்குலச் சதுரமாகக் காகித அட்டை ஒன்று வெட்டிக்கொண்டு, அதை வைத்துத் துணியை வெட்டவேண்டும். ஒரு சட்டையில் இரண்டு சதுரம் தேறும். பதினாறு சட்டையில் முப்பத்திரண்டு. தாயின் பழம்புடவையில் பதினாறு சேர்த்து, மொத்தம் நாற்பத்தெட்டு. கால் அங்குலம் உள்ளே விட்டுத் தைத்தால், வரிசைக்கு ஆறாக எட்டு வரிசை, மூன்றடிக்கு நான்கடி ஆகும். சுற்றிலும் ஆறு அங்குலப் புடவைக் கரை வைத்தால் நான்கடிக்கு ஐந்தடி. பனியன் போன்ற பின்னல் துணி இழுபடும். அதன் அடியில் மெல்லிய பருத்தித் துணியை ஓட்டிய பிறகே வெட்டவேண்டும். கைத்தறித் துணியோடு நைலான் துணியைக் கலக்க வேண்டாம். ஒன்று சுருங்க, மற்றது சுருங்காது.

நடுவில் பழைய வேட்டி ஒன்று, அடியில் புடவை. நம் கடற்கரை வெப்பத்திற்குப் பஞ்சு வைத்துத் தைக்கவேண்டிய தேவை இல்லை. பஞ்சு, உப்புக் காற்றின் ஈரத்தை வாங்கிப் பூசணம் பிடிக்கவும் கூடும். மூன்றையும் சேர்த்து, நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி ஓட்டுத்தையல் போட்டால் சுருக்கம் விழாது.

தொழிலாக்கலாமா?

இதைச் சொன்னவுடன், மாதர் சங்கங்கள் இதையே தொழிலாக நடத்தலாமே என்று கேட்கிறார்கள். ஜீஸ் பெண்டை அடுத்த பகுதிகளில் 1966-இல் 'ஃப்ரீடம் குயில்டிங் பீ' என்ற கூட்டுறவுச் சங்கம் ஏற்பட்டது. நிலம் வாங்கித் தையற்கூடம் கட்டி, நியூயார்க்கின் பெரிய கடைகளுக்குப் போர்வை அனுப்பியது. பல குடும்பங்களுக்குக் கூலி தந்தது. ஆனால் கடைக்காரருக்கு வேண்டியது ஒரே அளவும் ஒரே வடிவும். அவரவர் மனம்போல் தைத்த போர்வை அங்கே செல்லவில்லை. 2012-இல் அச்சங்கம் முடிவுற்றது.

நம் கடற்கரையிலேயே வேறொரு வழியும் உண்டு. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப்பின், ஆரோவில்லில் உள்ள உபாசனா நிறுவனம் மீனவ மாதர்க்குத் துண்டுத் துணிகளால் 'சுனாமிகா' என்னும் சிறு பொம்மை செய்யப் பயிற்சி தந்தது. அப்பொம்மையை விலைக்கு விற்பதில்லை. அன்பளிப்பாகக் கொடுத்து, விரும்பியவர் தரும் நன்கொடையிலிருந்து செய்தவருக்கு ஊதியம் தரப்பட்டது.

இரண்டும் கற்கத் தக்கவை. என் கருத்து இது: பிறர் வீட்டுக் குழந்தைத் துணியை வாங்கித் தைத்துக் கொடுப்பதாயின், ஒரு போர்வைக்குச் செல்லும் நாட்களை முதலில் எண்ணி, நாட்கூலியைக் கணக்கிட்டு, பிறகே விலை சொல்லுங்கள். கைத்தையலாயின் அது பல நாள் வேலை. மனம் நெகிழ்ந்து கூலியை விட்டுக்கொடுத்தால் சங்கம் நிலைக்காது.

தம் வீட்டுக்காகத் தைப்பவருக்கு இக்கணக்கு வேண்டியதில்லை.

போர்வை முடிந்த செய்தி கேட்டு மீண்டும் சென்றிருந்தேன். வீட்டுக்காரர் அன்று விடுமுறையில் இருந்தார். போர்வையை மடியில் விரித்துச் சதுரம் சதுரமாகத் தடவிப் பார்த்தார். "இது ஐப்பசி மழையில் நெய்தது; கஞ்சி சரியாகக் காயவில்லை. இங்கே பாருங்கள், இரண்டு இழை அறுந்து விட்டுப்போயிருக்கிறது" என்று தம் குற்றங்களையே ஒவ்வொன்றாக மகளுக்குக் காட்டினார். அந்தப் பெண் அதுவரை தன் தந்தையின் தொழிலைப்பற்றிக் கேட்டதில்லையாம். அன்று கேட்டுக்கொண்டே இருந்தாள்.

பட்டியலில் அத்தறிக்கு எதிரே 'ஓடாதது' என்றுதான் எழுதினேன். வேறு எழுத இடமில்லை.

அங்கத்தினர் வீடுகளில் இத்தகைய பெட்டிகள் இன்னும் பல இருக்கும். ஐப்பசி மழை தொடங்குமுன் அவற்றைத் திறந்து வெயில் காட்டுங்கள். பூச்சி அரிப்பதற்கு முன்னே தைப்பது நலம்.